பசிக்கோடு

கெமி நகர மருத்துவமனையின் அடித்தளத்தில்
இரவெல்லாம் போர்வை துவைக்கிறோம், மூன்று பேர்.
மூன்று மணிக்கு இயந்திரங்கள் ஓயும்.
காப்பியை ஊற்றியதும் ஹில்க்கா கேட்பாள்:
"என்சியோ இன்றைக்கு என்ன செய்தான்?"

என்சியோ என் கணினிக்குள் குடியிருப்பவன்.
மூக்கை நான்தான் இழுத்து நீட்டினேன்.
சுபாவத்துக்கு மூன்று கட்டம் கொடுத்திருந்தார்கள்:
சோம்பல், தாராளம், மீன்பிடி என்று நிரப்பினேன்.
மீதியை அவனே பார்த்துக்கொண்டான்.

சமை என்று சொடுக்கினால்
தனக்குத்தானே சதுரங்கம் ஆடப் போவான்.
தலைமாட்டில் பசிக்கோடு சிவந்து துடிக்கும்.
மனைவி ஐலா குப்பைத்தொட்டியை எட்டி உதைப்பாள்.
அவர்கள் பேசும் பாஷை எந்த ஊரிலும் இல்லை,
உச்சந்தலைக்கு மேல் ஒரு குமிழியில்
குடை, பணக்கட்டு, தொட்டில்.
அவ்வளவுதான் விளையாட்டு தரும்.
ஏன் உதைத்தாள் என்பது
என் பாடு.

எனக்கு இரண்டு விதிகள்.
பணம் கொட்டும் ரகசியச் சொல்லைத் தட்டமாட்டேன்.
நடந்ததை அழித்துவிட்டு நேற்றைக்குத் திரும்பமாட்டேன்.
இல்லையென்றால் அது பொம்மைக் கல்யாணம்.

ஜனவரி. இரண்டு மணிக்கே பகல் முடிந்துவிட்டது.
கடிகாரத்தை மூன்றாம் வேகத்தில் ஓடவிட்டு
வெங்காயம் நறுக்கப் போனேன்.
வாழ்நாளில் ஒரே ஒருமுறை, யாரும் சொல்லாமல்,
என்சியோ அடுப்பைப் பற்றவைத்திருக்கிறான்.

வந்து பார்த்தால்
சமையலறை இருந்த இடத்தில் கரிச்சதுரம்.
தோட்டத்தில் ஒரு சாம்பல் ஜாடி.
திரையின் மூலையில் ஒரு கேள்வி:
சேமிக்கவா?

ஆம் என்று அழுத்தினேன்.
விதி விதிதான்.

அன்று வேலைக்குக் கிளம்பும்முன் பத்துப் பக்கம் எழுதினேன்,
கையில் வெங்காய வாசனையோடு.
நல்ல பக்கங்கள்.

மூன்று மணிக்கு அவற்றை விரித்தேன்.
ஹில்க்கா வீங்கிய பாதங்களை
எதிர் நாற்காலியில் தூக்கி வைத்தாள்.
அவள் கணவன் நான்காம் மாடியில், பதினெட்டாம் நாள்.
அவன் போர்வையும் இந்தத் தொட்டிகளில்தான் சுழல்கிறது,
எது என்று அவளுக்கும் தெரியாது.
"என்சியோ என்ன செய்தான்?"

காகிதத்தைப் பார்த்தபடியே,
அதில் இல்லாததை வாசித்தேன்.
"பனிக்கட்டியில் துளை போட்டு நாளெல்லாம் உட்கார்ந்தான்.
ஒன்றும் கடிக்கவில்லை.
பக்கத்து வீட்டுக்காரன் வாளியிலிருந்து ஒரு மீனை எடுத்து
தான் பிடித்தது என்று ஐலாவிடம் நீட்டினான்."
"அவள் நம்பினாளா?" என்றாள் பிர்க்கோ.
அதுவரை நான் யோசிக்கவில்லை.
"நம்பவில்லை," என்றேன். "ஆனாலும் பொரித்தாள்."

அதன் பிறகு
விளையாட்டில் அவன் பேய்.
நீலமாக, மெல்லிசாக, நள்ளிரவில் வருவான்.
குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து சும்மா பார்ப்பான்.
தொலைக்காட்சியைத் தொட்டுக் கெடுப்பான்.
நான் எழுதுவேன்:
'என்சியோவுக்குத் தூக்கம் வரவில்லை.
தொலைக்காட்சியைச் சரிசெய்கிறேன் என்று கிளம்பி
இருந்த படத்தையும் போக்கடித்தான்.'
"என் ஆளேதான்!"
ஹில்க்கா சிரித்ததில் மேசையெல்லாம் காப்பி.

பிப்ரவரி கடைசியில் இரண்டு வாரம் அவள் வரவில்லை.
நான்காம் மாடி மூட்டைகளை
பிர்க்கோவே பிரித்தாள், பேசாமல்.

திரும்பி வந்த இரவு
தன் கோப்பையைத் தானே கழுவிக்கொண்டாள்.
கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

"அவன் எப்போது செத்தான்?" என்றாள்.

நான் கணவனைச் சொல்கிறாளோ என்று தடுமாறினேன்.

"மீனைப் பொரித்தாள் என்றாய்.
அவன் தின்றான் என்று சொல்லவேயில்லை.
ஏழு அத்தியாயமாகப் பெட்டியைத் திறக்கிறான்,
பார்க்கிறான், மூடுகிறான்.
ஒரு வாய் சாப்பிட்டானா?"

பிர்க்கோ கரண்டியைக் கீழே வைத்தாள்.

பையின் அடியில் அந்தப் பத்துப் பக்கம்
நான்காக மடிந்து கிடந்தது.
ஒரு மடிப்பில் ஆரஞ்சுத் தோல் ஒட்டியிருந்தது.

"வாசி," என்றாள்.
"வேகமாக வாசிக்காதே."